தறி என்றால் எது?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்றாம். கடைவீதியில் வாங்குவதைவிட நெசவாளர் ஊருக்கே போய் வாங்கினால் நயமாயிருக்கும் என்று, குடும்பத்தோடு ஆரணிக்குப் போய், அரக்கில் மாம்பழக் கரை போட்ட பட்டுப் புடவை ஒன்று எடுத்து வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துக் காட்டியதும், நாத்தனார் கரையைத் தடவிப் பார்த்து, "அண்ணி, இது கைத்தறி இல்லை, விசைத்தறி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அன்று முதல் சகோதரிக்கு நிம்மதியில்லை. "அசல் பட்டு என்று முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அப்படியிருக்க நாங்கள் ஏமாந்தோமா? விசைத்தறியில் பட்டுப் புடவை நெய்யவே கூடாது என்று சர்க்கார் சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது மெய்தானா? மெய்யானால் அந்தப் புடவை எப்படிக் கடைக்கு வந்தது?" என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

நாத்தனாருடைய கைராசியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. தடவிப் பார்த்துத் தறியைச் சொல்லும் வித்தை நமக்குத் தெரியாது. ஆனால் சட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் சட்டம் என்ற சொல்லைக் கண்டதும் சிறுகதைப் பக்கத்துக்குத் தாண்டிவிடும் நேயர்கள் இந்த ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். விஷயம் வக்கீல் வீட்டு அலமாரியில் இருப்பதன்று, நம் வீட்டுப் பீரோவில் இருப்பது.

சட்டம் இருப்பது மெய். 1985-ஆம் ஆண்டு பார்லிமெண்டு நிறைவேற்றிய அந்தச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் என்று சொல்கிறார்கள். அதன் கருத்து மிகச் சுருக்கமானது. இன்னின்ன துணி ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யலாம், வேறு எந்தத் தறியிலும் நெய்யக் கூடாது, அவ்வளவுதான். எந்த ரகங்கள் என்பதைச் சட்டம் தன் வாயால் சொல்லவில்லை. ஆலோசனைக் குழு ஒன்றின் அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு மத்திய சர்க்கார் கெஜட்டில் உத்தரவு போட்டு அறிவிக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. இந்த ஏற்பாட்டை நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். சட்டத்தை மாற்றுவதென்றால் பார்லிமெண்டில் மசோதா வர வேண்டும், பேச வேண்டும், ஓட்டெடுக்க வேண்டும், பத்திரிகைகளில் நாலு பேர் எழுத வேண்டும். உத்தரவை மாற்றுவதற்குக் கெஜட்டில் ஒரு பக்கம் போதும். 1986-இல் முதன் முதலாக உத்தரவு போட்டபோது ஒதுக்கிய ரகங்கள் 22. விசைத்தறிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நெசவாளர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மூன்றே வருஷத்தில், 1996-இல், 22 என்பது 11 ஆகிவிட்டது. கோர்ட்டிலே தோற்காத பாதி கெஜட்டிலே போயிற்று.

மிச்சமிருக்கும் அந்தப் பதினொன்று எவை? சேலை, வேஷ்டி, துண்டும் அங்கவஸ்திரமும், லுங்கி, படுக்கை விரிப்பு வகைகள், ஜமக்காளம், உடைக்கான துணி, முரட்டுக் கம்பளி, சால்வை, ட்வீட் என்னும் கம்பளித் துணி, அஸ்ஸாம், மணிப்பூர்ப் பக்கத்துப் பெண்கள் உடுத்தும் மேகலா, பானேக் முதலியவை. சேலை என்றால் எல்லாச் சேலையும் அல்ல. ஒவ்வொரு ரகத்துக்கும் நூல் இன்னது, கரை இன்னது, வேலைப்பாடு இன்னது என்று வரையறை உண்டு. முழுக்கச் செயற்கை நூலில் நெய்த சேலையை விசைத்தறியில் நெய்ய யாதொரு தடையுமில்லை. பட்டிலோ பருத்தியிலோ, கரையிலும் முந்தானையிலும் கூடுதல் பாவோ கூடுதல் ஊடையோ கொடுத்து வேலைப்பாடு செய்த சேலைதான் ஒதுக்கீட்டின் உயிர்நிலை. ஆரணிப் பட்டு அந்த வகையைச் சேர்ந்தது.

ஆகவே சகோதரியின் இரண்டாவது கேள்விக்குப் பதில், மெய்தான் என்பது. மூன்றாவது கேள்வி கொஞ்சம் சிக்கலானது. இந்தச் சட்டம் பிடிப்பது நெய்தவனையே ஒழிய விற்றவனை அல்ல. ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்தால், சட்டத்தை எழுதிய காலத்தில் விதித்த தண்டனை ஆறு மாதம் வரையில் சிறை அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரையில் அபராதம் அல்லது இரண்டும். அதிகாரிகள் தறிக்கூடத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், துணியைக் கைப்பற்றலாம். ஆனால் தறியிலிருந்து இறங்கி, மடித்து, அட்டைப் பெட்டிக்குள் புகுந்து, கடை அலமாரியில் ஏறிய பிறகு புடவையின் மேல் எந்தத் தறியில் பிறந்தது என்று எழுதியா இருக்கிறது? 1985-ஆம் ஆண்டில் 5,000 ரூபாய் பெரிய தொகைதான். இன்றைக்கு நல்ல பட்டுப் புடவை ஒன்றை விற்றால் அந்த அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சமும் பார்க்கலாம்.

இதை எழுதுவதற்கு முன் நாம் ஆரணிக்கே ஒரு நடை போய் வந்தோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போனது. அரிசி ஆரணி அரிசி என்ற சொந்தப் பெயரோடு ஊர் ஊராய்ப் போகிறது. பட்டுக்குத்தான் அந்தப் பாக்கியம் முழுமையாகக் கிட்டவில்லை. ஆரணியில் நெய்த புடவை பட்டணத்துக் கடைகளில் காஞ்சீபுரம் என்ற பெயரில் விலை போவது ஊரறிந்த ரகசியம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரையில் சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் உண்டு. ஆரணியின் பெயரைத் திருடுகிறவனுக்குத் தண்டனை சரிதான், ஆனால் இங்கே நடப்பது நேர் மாறாக அல்லவோ இருக்கிறது! தன் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயரை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தகப்பன் கதைதான்.

நாம் போன வீட்டில் கூடத்தையே தறி அடைத்துக்கொண்டிருந்தது. குழித்தறி. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகள், துளையிட்ட அட்டைகளின் மாலை. அவர் மிதியை அழுத்தினால் பெட்டி கயிறுகளைத் தூக்குகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த வழியில் நாடா ஓடுகிறது. பலகையை இழுத்து அடிக்கிறார். ஓர் இழை சேர்ந்தது. பிறகு மறுபடி மிதி, நாடா, அடி. ஒரு புடவைக்கு இப்படி எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டோம்.

"முழங்கால் போயிடுச்சுங்க ஐயா" என்றார் பெரியவர். "கை இன்னும் பத்து வருஷம் வரும். கால்தான் வராது. பெட்டி கனம் அப்படி."

பக்கத்தில் நின்ற அவருடைய பிள்ளை, பாலிடெக்னிக் படித்தவர், ஆரம்பித்துவிட்டார். "சின்னதா ஒரு மோட்டார் சார். பெட்டியைத் தூக்கறதுக்கு மட்டும். நாடாவும் பலகையும் அப்பா கையிலதான். அதை மாட்டினா இது கைத்தறியா, விசைத்தறியா? சொசைட்டியில கேட்டா ஒருத்தர் ஆகும்ங்கறார், இன்னொருத்தர் ஆகாதுங்கறார்."

பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "கரண்டு உள்ளே வந்தா அப்புறம் எங்கே நிக்கும்டா?" என்று கேட்டார்.

இந்த இருவர் பேச்சிலும் இருக்கிறது விஷயமெல்லாம். டில்லியில் வருஷக்கணக்காக நடந்த வாதமும் இதுதான்.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்குக் கூறும் இலக்கணம் ஒரே வரி. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்பதே அது. சரி, விசைத்தறி என்றால் எது? மின்சாரம் முதலிய சக்தியினால் இயங்கும் தறி. இலக்கணம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தறியின் ஓர் உறுப்பு மட்டும் மின்சாரத்தால் அசைந்தால், தறி இயங்குவது மின்சாரத்தாலா, மனிதனாலா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியில் பதில் இல்லை. பதில் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தது. அதனால்தான் சொசைட்டியில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு 2012, 2013-ஆம் ஆண்டுகளில் ஒரு யோசனை புறப்பட்டது. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஒட்டிக் கிளம்பிய அந்த யோசனையின் சாரம் பின்வருமாறு: கைத்தறி என்பதில் கலப்புத் தறியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெசவு வேலைகளில் குறைந்தது ஒன்றையாவது மனிதன் கையாலோ உடல் உழைப்பாலோ செய்தால், அந்தத் தறியைக் கைத்தறி என்றே கொள்ள வேண்டும்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், நம் ஆரணிப் பெரியவருடைய முழங்காலுக்காகவே எழுதியது போலத் தோன்றுகிறதல்லவா? அவர் பிள்ளை இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் "குறைந்தது ஒன்று" என்ற சொற்களை மறுபடி படிக்க வேண்டும். நெசவில் பிரதானமான காரியங்கள் மூன்று. பாவைப் பிரிப்பது, நாடாவை ஓட்டுவது, அடித்து இறுக்குவது. மூன்றில் இரண்டை மோட்டார் செய்து, ஒன்றை மட்டும் கையால் செய்தாலும் அது கைத்தறி. அதோடு நின்றதா? நூல் தீர்ந்த தாரை எடுத்துவிட்டு வேறு தார் போடுவதும் மனிதன் கைதான். அறுந்த இழையை முடிவதும் மனிதன் கைதான். இவையும் நெசவு வேலையே என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதித்தால், நாட்டில் உள்ள சாதாரண விசைத்தறிகளில் எத்தனை கைத்தறி ஆகாமல் தப்பும்? ஒதுக்கீடு இருந்த இடத்திலேயே இருக்கும். பதினொரு ரகங்களும் கெஜட்டில் பத்திரமாக இருக்கும். ஆனால் வேலியை எடுக்காமலே, வேலிக்கு வெளியே நின்ற ஆட்டுக்குப் பயிர் என்று பெயர் வைத்தாற்போல் ஆகிவிடும்.

கைத்தறியின் பக்கம் நின்றவர்கள் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அந்த யோசனை சட்டமாகவில்லை. 1985-ஆம் ஆண்டு எழுதிய அதே ஒரு வரிதான் நிலைத்தது. இதற்கு முன்பே, 1999-இல், ஜவுளிக் கொள்கையை ஆராய்ந்த சத்யம் குழு ஒதுக்கீட்டையே எடுத்துவிடலாம் என்ற திசையில் பேசியதும் நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். யோசனைகள் போகின்றன, வருகின்றன.

நம்முடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்பவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கைத்தறியின் இலக்கணத்தை அகலமாக்குவது தவறு. ஆனால் அதை இருட்டிலேயே வைத்திருப்பதும் தவறு. நாடாவை ஓட்டுவதும் பலகையை அடிப்பதும் மனிதன் கையாலேயே நடந்தால், பெட்டியைத் தூக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளும் துணைச் சாதனத்தால் கைத்தறி விசைத்தறி ஆகாது என்று திட்டமாக ஒரு ஷரத்து எழுதிவிடலாம். "குறைந்தது ஒன்று" என்று எண்ணிக்கை சொல்வது வேறு, "இன்னது, இன்னது" என்று பெயர் சொல்வது வேறு. பெயர் சொல்லிவிட்டால் பெரியவருடைய முழங்காலும் பிழைக்கும், அவருடைய பயத்துக்கும் பதில் கிடைக்கும். மின்சாரம் எங்கே நிற்கும் என்று கேட்டாரல்லவா? இங்கே நிற்கும் என்று சட்டம் கோடு கிழித்துச் சொல்ல வேண்டும்.

விசைத்தறிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை ராக்ஷஸர்களாகச் சித்திரிப்பது சுலபம், ஆனால் நியாயமன்று. ஆரணி போன்ற ஊர்களில் விசைத்தறி வைத்திருப்பவர் பல இடங்களில் கைத்தறிக்காரருடைய பிள்ளையேதான். பாங்குக் கடன் வாங்கித் தறி போட்டிருக்கிறார். அவருக்கும் வயிறு உண்டு. செயற்கை நூலிலும், ஒதுக்கீட்டில் சேராத எத்தனையோ ரகங்களிலும் அவருக்கு வழி இருக்கிறது. கைத்தறிக்காரருக்கோ இந்தப் பதினொன்றை விட்டால் போக்கிடமில்லை. 2019-20-ஆம் ஆண்டு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கின்படி, இந்தத் தொழிலிலும் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். நூல் சுற்றுகிற கைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

வரி விஷயத்தை ஓடிப் போய்ப் பார்த்துவிடலாம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் சரக்கு-சேவை வரி அமுலில் இருக்கிறது. பட்டுத் துணிக்கு 100-க்கு 5. புடவை 10,000 ரூபாயென்றால் வரி 500, அதில் பாதி மத்திய சர்க்காருக்கு, பாதி ராஜ்ய சர்க்காருக்கு. புடவை தைத்த உடையன்று, துணியே என்று கொள்வதால் விலை எவ்வளவு ஏறினாலும் இந்த விகிதம் ஏறாது. 2022 ஜனவரி முதல் துணிமணிகள் பலவற்றின் வரியை 5-லிருந்து 12 ஆக்குவதாக அறிவித்துவிட்டு, வியாபாரிகளும் நெசவாளர்களும் கூக்குரலிட்டதால், முந்தின நாளான 2021 டிசம்பர் 31-ஆம் தேதியன்று வரிக் கவுன்ஸில் அதை ஒத்தி வைத்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் பொங்கல் புடவை விலை வேறாக இருந்திருக்கும். வரிச் சட்டத்தின் கண்ணுக்குக் கைத்தறி, விசைத்தறி என்ற பேதம் கிடையாது. இரண்டுக்கும் அதே 5. காந்தி குல்லாய்க்கு வரி இல்லை என்று விலக்குக் கொடுத்தவர்களுக்குக் கைத்தறி ஏனோ நினைவுக்கு வரவில்லை.

இனி, சகோதரியின் முதல் கேள்வி. ஏமாந்தாரா, இல்லையா?

அவர் புடவையில் ஒட்டியிருந்தது பட்டு முத்திரை. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்தது. இது சுத்தமான பட்டு என்பது மட்டுமே அதன் சாட்சியம். எந்தத் தறியில் நெய்தது என்பதைப் பற்றி அது வாயைத் திறக்காது. கைத்தறிக்கென்று வேறு முத்திரை, 2006-இல் வந்தது, இருக்கிறது. அதுதான் தறிக்குச் சாட்சி. பட்டு முத்திரை இருந்து கைத்தறி முத்திரை இல்லாத புடவை விசைத்தறிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எத்தனையோ நெசவாளர்கள் எந்த முத்திரைக்கும் பதிவு செய்துகொள்ளாமலே அசல் கைத்தறி நெய்கிறார்கள். ஆகவே நாத்தனார் சொன்னது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சகோதரி செய்ய வேண்டியது ரசீதை எடுத்துப் பார்ப்பது. அதில் "கைத்தறிப் பட்டு" என்று எழுதியிருந்து, புடவை விசைத்தறி என்று ருசுவானால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது அந்தச் சட்டத்தில் குற்றமான வியாபார முறை. ரசீதில் வெறும் "பட்டு" என்று மட்டும் இருந்தால், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உண்மையின் ஒரு பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை வாங்கும்போது, "கைத்தறியா?" என்று வாயால் கேட்பதோடு நில்லாமல், அந்தச் சொல்லை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதக் கை தயங்கினால் அதுவே பதில்.

மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாளாவது பொது ஜனங்கள் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. நல்ல கொள்கைதான். ஆனால் கெஜட் வருவது ஹிந்தியிலும் இங்கிலீஷிலும். ஆரணிக் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முப்பது நாளும் ஒரு நாளே, அதுவும் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் கடைசி நாள்.

நாம் விடைபெறும்போது பிள்ளை, சட்டத்தின் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றை நீட்டினார். துளைகளுக்கு நடுவே இடம் பார்த்து எழுதிக் கொடுத்தோம். பெரியவர் வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். மறுபடி மிதியில் காலை வைத்தார்.